ஜீப்பில் ஏறியவர்கள்

உயிரோடு இருந்தபோது ஒரு பெரிய மனிதர் ஏறாமல் விட்ட ஜீப்பில், அவர் செத்த பிறகு நான் அவரை ஏற்றி உட்கார வைத்தேன். அதோடு விட்டிருந்தால் பாவம் கைக்கு அடக்கமாக இருந்திருக்கும். கூடவே திருச்சியின் நாலு பிரமுகர்களையும் ஏற்றினேன். கோபத்தில் செய்தேன், மயக்கத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. காலையில் குளித்து, காப்பி குடித்து, ஒரு தமிழ் டைப்ரைட்டரையும் மூன்று கார்பன் தாளையும் முன்னால் வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்த காரியம் அது. என் முட்டாள்தனங்களை அடுக்கினால் ஒரு பரண் கொள்ளாது. மற்றதற்கெல்லாம் ஏதாவது சாக்கு வைத்திருக்கிறேன். இதற்கு மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. பாலக்கரையில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தேன். மூன்று இங்கிலீஷ் மிஷின், ஒரு தமிழ் மிஷின். கீழேயிருந்து மிளகாய் நெடி வரும், மேலேயிருந்து தட்டுகிற சத்தம் போகும். சொல்லிக்கொடுப்பதுதான் தொழில் என்று போர்டு சொல்லும். ஊருக்குத் தெரியும், என் தொழில் வேறு. பெரிய மனிதர்கள் மேடையில் பேசுவதை எழுதிக் கொடுப்பவன் நான். உத்தியோகஸ்தர் ஊருக்கு வந்தால் வரவேற்பு மடல், மாற்றலாகிப் போனால் பிரிவு உபசாரப் பத்திரம், அறுபது முடிந்தால் வாழ்த்து, ஆளே முடிந்துவிட்டால் இரங்கல் உரை. எல்லோரும் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். எனக்கு அதில் ஒரு கிரீடம் வைத்த மாதிரி. என் மனைவி மட்டும் கிரீடத்தைத் தட்டிவிடுவாள். "நாலு பேருக்கு வாயா இருக்கீங்க, சரி. உங்களுக்குன்னு ஒரு வாய் இருக்கா?" என்பாள்.

இரங்கல் உரைக்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். மூன்று பக்கம். முதல் பக்கத்தில் மேடையில் இருப்பவர்களுக்கு மரியாதை, பிறகு துக்கம். கடைசிப் பக்கத்தில் ஆன்மா சாந்தி, குடும்பத்தாருக்கு ஆறுதல். செத்தவர் யார், என்ன செய்தார் என்பதெல்லாம் நடுப்பக்கம். எங்கள் ஊர் மேடை வழக்கம் என்னவென்றால், பேச வருகிறவர் முதல் பக்கத்தைக் கணீரென்று படிப்பார். அதற்குள் சூடு பிடித்துவிடும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், தாளை மேஜையில் வைப்பார், தன்னைப் பற்றியே இருபது நிமிஷம் பேசுவார். தலைவர் இருமினால் கடைசிப் பக்கத்தை எடுத்துப் படித்துவிட்டு உட்காருவார். பத்து வருஷத்தில் ஒருவர்கூட நடுப்பக்கத்தைப் படித்து நான் கேட்டதில்லை. இட்லித் தட்டில் விரிக்கிற துணி மாதிரி அது. இருக்க வேண்டும், ஆனால் யாரும் தின்பதில்லை.

அந்த நம்பிக்கைதான் என்னைக் கவிழ்த்தது.

அறுபதுகளின் நடுவில் ஒரு நாள் காலை, வடக்கே ஒரு மாநிலத்தின் கவர்னர் பதவியில் இருக்கும்போதே காலமானார் என்று ரேடியோ சொல்லிற்று. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவர் எங்கள் ஜில்லாவில் மூன்று வருஷம் போலப் பெரிய அதிகாரியாக இருந்தவர். அன்று மத்தியானத்துக்குள் அவர் எங்கள் ஊர்க்காரராகிவிட்டார். உத்தியோகம் பார்த்தது இங்கே, அதனால் எங்களவர் என்றது திருச்சி. தினம் விடியற்காலை பாலம் கடந்து வந்து அம்மா மண்டபத்துக் காவிரிப் படித்துறையில்தான் குளிப்பார், அதனால் அவர் எங்களவர் என்றது ஸ்ரீரங்கம். அவர் பிறந்தது வடாற்காட்டுப் பக்கம். அதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

நல்ல மனிதர் என்பதில் மட்டும் இரண்டு கரைக்கும் சண்டை இல்லை. மனு கொடுக்க வருகிறவர்களை நிற்க வைத்துப் பேசமாட்டாராம். கவர்னர் மாளிகைக்குப் போன பிறகும் தன் வேட்டியைத் தானே துவைத்தாராம். எல்லாமே 'ராம்'. பார்த்தவர்கள் என்று கையைத் தூக்க ஆளில்லை. வந்தார், வேலையைப் பார்த்தார், போனார். அப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். கொஞ்சம் ஊழல் செய்தவராக இருந்தால் நினைவில் நிற்கிற மாதிரி நாலு கதையாவது கிடைக்கும்.

இரங்கல் கூட்டம் நடத்த ஒரு கமிட்டி உட்கார்ந்தது. ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஒருவர் தலைவர். அவர் வீட்டில் சாப்பிடும்போதுகூட மேஜைமணி அடித்துத்தான் ரசம் கேட்பார் என்று ஊரில் பேச்சு. தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மண்டபம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி, நாலு பேர் பேசுவது என்று முடிவாயிற்று. நிகழ்ச்சி நிரலை டைப் அடிக்க என்னிடம் கொடுத்தார்கள்.

அடுத்த இரண்டு நாளில் அந்த நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக என் மாடிப்படி ஏறி வந்தார்கள். முதலில் கண்டோன்மெண்ட் வக்கீல். பிறகு ஒரு ஹெட்மாஸ்டர். பிறகு ஸ்ரீரங்கத்து உத்தர வீதிப் பெரியவர் ஒருவர், காது கொஞ்சம் மந்தம். கடைசியாக அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருந்த முதலாளி. நாலு பேரும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள். எழுதிக்கொடுத்தது நான் என்று வெளியே தெரியக் கூடாது. கவர்னருக்கும் தனக்கும் நெருங்கிய பழக்கம் என்பது மட்டும் தெரிய வேண்டும். என்ன பழக்கம் என்று வக்கீலைக் கேட்டேன். அதை நீதான் எழுத வேண்டும் என்றார்.

ஒருவரிடமாவது, ஐயா, உங்களுக்கு முன்னால் ஒருவர் வந்துவிட்டுப் போனார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் வேறு ஆளிடம் போய்விடுவாரே. மலைக்கோட்டைப் பக்கம் ஒரு தமிழ்ப் பண்டிதர் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். அவர் எழுதிய இரங்கல் உரையை மேடையில் கேட்பதைவிட நான் சாவதே மேல் என்று நினைக்கிற அளவுக்கு எனக்குக் கர்வம். நாலையும் ஒப்புக்கொண்டேன்.

சரக்குக்கு எங்கே போவது? செத்தவர் இங்கே இருந்தபோது நான் காரைக்குடியில் மாமா கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். விசாரித்ததில் ஒருவர்தான் அகப்பட்டார். அந்த மூன்று வருஷமும் அவருக்கு ஜீப் ஓட்டிய டிரைவர். ரிடையராகி எடமலைப்பட்டி புதூரில் இருந்தார். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன்.

மச்சானுடைய லாரி ஒன்றின் முன்னால் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேச்சில் மகா சிக்கனம். ஓட்டிய காலத்தில் ஹாரனைக்கூட அப்படித்தான் அடித்திருப்பார் என்று தோன்றியது. நான் பத்து நிமிஷம் பேசினேன். அவர் ஒரு கண்ணாடியை முடித்துவிட்டு அடுத்த கண்ணாடிக்குப் போனார். அதன் பிறகுதான் சொன்னார்.

ஒரு வருஷம் கொள்ளிடத்தில் வெள்ளம். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, ஆற்றுப்படுகையில் இருபது குடிசை. விடிந்ததிலிருந்து தண்ணீர் ஏறுகிறது, ஜனங்கள் நகர மாட்டேன் என்கிறார்கள். ஆட்டை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று ஒரே பேச்சு. கூட வந்த சிப்பந்திகள் மிரட்டிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆட்டை ஜீப்பில் ஏற்றச் சொன்னார். சர்க்கார் வண்டியாச்சே என்று டிரைவர் தயங்கினார். "சர்க்காரை நான் பாத்துக்கறேன், நீ ஆட்டை ஏத்து" என்றாராம். தடவைக்கு எட்டு ஆடு. ஆடு போன வழியே ஜனங்கள் தாமாகவே பின்னால் கிளம்பிவிட்டார்கள். அவரும் அவர்களோடு முழங்கால் சேற்றில் நடந்து வந்தார். செருப்பு சேற்றோடு போயிற்று. யாரோ ஒரு கிழவியின் கோழிக்கூடை அவர் தலையில் இருந்தது.

இதுவரை சொன்னபோது டிரைவர் முகத்தில் ஒன்றுமில்லை. அடுத்ததைச் சொல்லும்போது துடைப்பதை நிறுத்தினார்.

வெள்ளம் வடிந்து சில மாதத்தில் அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். அதன் பிறகு யாரோ ஒரு மொட்டைக் கடிதம் எழுதினார்கள், சர்க்கார் ஜீப்பில் டிரைவர் ஆடு ஏற்றிப் பிழைத்தான் என்று. விசாரணை வைத்தார்கள். புதிதாக வந்தவருக்கு நடந்தது தெரியாது. வேலை போய்விடும் என்றே எல்லோரும் சொன்னார்கள், வீட்டில் அழுகைகூட ஆரம்பமாகிவிட்டது. விசாரணையில் ஜீப்பின் லாக் புக்கைப் புரட்டினார்கள். வெள்ளத்தன்று பயணம் செய்தவர் என்ற இடத்தில் இங்கிலீஷில் எழுதியிருந்தது: ஆடுகள், தடவைக்கு எட்டு, என் உத்தரவுப்படி, அரசாங்க வேலை. கீழே பழைய அதிகாரியின் கையெழுத்து. டிரைவர் வேலை தப்பிற்று. அன்று சாயங்காலமே, யாரும் கேட்காமல், ஈரக் கையோடு எழுதி வைத்திருக்கிறார். இங்கிலீஷ் தெரியாத டிரைவர் அந்தப் புத்தகத்தைத் தினமும் கையில் எடுத்துக்கொண்டு திரிந்தும், அது உள்ளே இருந்தது அவருக்கே தெரியாது.

"போயிட்டாரு. நான் ஒரு கும்புடு போடல, ஒரு வார்த்த சொல்லல" என்றார். பிறகு துணியை உதறினார். "மாஸ்டர், இத நீங்க எழுதிப்புடாதீங்க. எனக்கு ரெண்டு நிமிசம் வாங்கிக் குடுங்க. நாலு பேர் முன்னாடி நானே சொல்லி, ஒரு கும்புடு போட்டுட்டு எறங்கிர்றேன். இத்தன வருசமா வாயிலயே கெடக்கு."

எழுத மாட்டேன் என்று லாரியின் பானெட்டைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். வெயிலில் காய்ந்த பானெட். கையில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம், புத்தி வரவில்லை.

ஜட்ஜிடம் போய் அவருக்கு இரண்டு நிமிஷம் கேட்டேன். அவர் புருவத்தை உயர்த்தினார், பிறகு கடைசியில் போட்டுக்கொள் என்றார். அந்த அளவில் நான் யோக்கியன். கடைசி வரியில் அடித்தேன்: நினைவுரை, ஓய்வுபெற்ற ஜீப் ஓட்டுநர், இரண்டு நிமிடம்.

மறுநாள் காலை நாலு உரையையும் அடிக்க உட்கார்ந்தேன். முதல் பக்கம் நாலு, கடைசிப் பக்கம் நாலு, தனித்தனியாக அடித்தாயிற்று. ஸ்ரீரங்கத்துப் பெரியவருக்குக் 'காலமானார்' என்பதைப் 'பரமபதித்தார்' என்று மாற்றினேன். பட்டறை முதலாளிக்கு நீளமான வாக்கியங்களை மடக்கிக் கொடுத்தேன். நடுப்பக்கத்துக்கு வந்ததும் கை நின்றது. வேட்டி துவைத்ததை வைத்து எத்தனை வரி எழுத முடியும்? மண்டையில் ஆடுதான் கத்துகிறது.

அப்போது என் புத்தி ஒரு வேலை செய்தது. வக்கீலே தோற்கும்படியான வாதம் அது. டிரைவர் சொன்னதை எழுதக் கூடாது என்றுதானே சத்தியம்? கவர்னர் ஒருவரின் இரங்கல் உரையில் ஆடு வருவது மரியாதையாகவும் இல்லை. ஆகவே ஆட்டை இறக்கினேன். நடந்து வந்தவரை ஜீப்பில் ஏற்றினேன். கோழிக்கூடையை எடுத்துவிட்டு அங்கே கம்பீரத்தை வைத்தேன். லாக் புக் பக்கமே போகவில்லை. இப்போது இது டிரைவர் கதையா? இல்லவே இல்லை. டிரைவர் சொன்னது நடந்தது. நான் எழுதியது நடக்காதது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

நான் எழுதியது இதுதான்: "கொள்ளிடம் கொந்தளித்த அந்த நன்னாளில், அன்னார் ஜீப்பில் கம்பீரமாக அமர்ந்து, வெள்ளத்தைக் கிழித்துக்கொண்டு விரைந்து சென்று ஏழை எளியோரைக் காத்தருளினார்கள். அன்று அந்த ஜீப்பில் அன்னாருடன் அமர்ந்து செல்லும் பேறு பெற்றோரில் நானும் ஒருவன்."

வெள்ளம் வந்த நாளை நன்னாள் என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள். கடைசி வாக்கியம் வக்கீல் கேட்ட நெருங்கிய பழக்கத்துக்காக. மற்ற மூவரும் அதையேதான் கேட்டார்கள். யாரும் படிக்கப்போகாத பக்கத்துக்கு நாலு தடவை விரலை ஏன் ஒடிக்க வேண்டும்? நாலு தாளுக்கு நடுவே மூன்று கார்பனை வைத்து ஒரே அடியாக அடித்தேன். மேல் தாள் வக்கீலுக்கு. கீழே போகப் போக மங்கும். நாலாவது தாளில் எழுத்தெல்லாம் பல்லி நடந்த சுவடு மாதிரி இருந்தது. அதைப் பட்டறைக்கு வைத்தேன்.

மனைவி காப்பி டம்ளரை எடுக்க வந்தவள் எட்டிப் பார்த்தாள். டிரைவருக்குச் சத்தியம் செய்ததை அவளிடம் நானே உளறியிருந்தேன். "அவர் எழுதாதீங்கன்னாரே?" என்றாள். ஆடு இல்லாததைக் காட்டி விளக்கினேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு, "ஆடு இல்லாட்டி என்ன, அதான் நாலு பேர ஏத்திட்டீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை டிரைவர் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தார். இரண்டு நிமிஷம் என்றால் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமாம். என் சுவர்க் கடிகாரத்தின் கீழே, அதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்று சொன்னார். ஆடு, கோழிக்கூடை, லாக் புக், கும்பிடு. இங்கிலீஷ் மிஷினில் தட்டிக்கொண்டிருந்த மூன்று பேரும் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். லாக் புக் வந்த இடத்தில் கீழே மளிகைக் கடையில் தராசுத் தட்டு இடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. முடித்தபோது கடிகாரத்தில் இரண்டு நிமிஷத்துக்கு ஐந்து நொடி பாக்கி.

"போதுங்களா?" என்றார்.

போதும் அண்ணே, பிரமாதம் என்றேன். அப்போது நடுப்பக்கங்களில் இரண்டு போய்ச் சேர்ந்துவிட்டன. மற்ற இரண்டும் என் மேஜை டிராயரில் இருந்தன. டிராயர் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் அந்தப் பிரமாதத்தைச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. மேடையில் கவர்னர் படத்துக்கு ரோஜா மாலை. டிரைவர் இஸ்திரிப் பெட்டி போட்ட காக்கிச் சட்டையோடு கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு தூணைப் பார்த்து அதன் பக்கத்தில் நின்றேன்.

ஜட்ஜ் எழுந்து மணியைத் தட்டினார். இன்று பேசப்படும் உரைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, வடக்கே இருக்கும் கவர்னரின் மனைவிக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். ஆகவே பேசுகிறவர்கள் எழுதி வந்ததை மட்டும், எழுதி வந்தது முழுவதையும் படிக்க வேண்டும். தாளைக் கீழே வைக்கக் கூடாது. ஆளுக்கு மூன்று நிமிஷம்.

தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

வக்கீல் அருமையாகப் படித்தார். நடுப்பக்கம் வந்தது. கொள்ளிடம் கொந்தளித்தது, ஜீப் விரைந்தது, 'நானும் ஒருவன்' என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது. கூட்டம் உச்சுக் கொட்டிற்று. கடைசி வரிசையில் டிரைவர் மெதுவாகத் தலையைத் திருப்பி மண்டபம் முழுக்கத் தேடினார். யாரைத் தேடினார் என்று எனக்குத் தெரியும். தூண் இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்திருக்கலாம்.

அடுத்து ஹெட்மாஸ்டர். முப்பது வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தியவர், காப்பி அடித்ததை வாசனையிலேயே கண்டுபிடிப்பார். 'கொள்ளிடம் கொந்தளித்த' என்று ஆரம்பித்தவர் நின்றார். கையில் இருந்த தாளைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். முழுவதையும் படிக்க வேண்டும் என்பது ஜட்ஜ் உத்தரவு. காப்பி அடித்த பையன் மாதிரியே குரலைத் தாழ்த்தி, வேகமாகப் படித்து, ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாவது ஸ்ரீரங்கத்துப் பெரியவர். முன்னால் பேசியவர்கள் என்ன சொன்னார்கள் என்பது அவர் காதில் விழவில்லை. அதனால் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. நிறுத்தி, ருசித்து, பாசுரம் சேவிக்கிற ராகத்தில் படித்தார். ஜீப் என்ற சொல்லை அவர் நாக்கு ஏற்கவில்லை. "அந்த வாகனத்திலே எழுந்தருளி... அன்னாரோடு கூட இருக்கும் பாக்கியம் பெற்றோரில் அடியேனும் ஒருவன்" என்று கண்ணை மூடினார். கருட சேவையே கண்ணுக்கு வந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு குரல், "உள்ள தள்ளி ஒக்காருங்க சாமி" என்றது.

மண்டபத்தில் முதல் சிரிப்பு அங்கேதான் வெடித்தது. ஜட்ஜ் மணியடித்தார்.

பட்டறை முதலாளி வந்தார். முதல் பக்கத்தை முடித்தார். நடுப்பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார். பல்லிச் சுவட்டில் 'கொள்ளிடம்', 'ஜீப்' என்ற இரண்டு சொல்தான் தெரிந்திருக்க வேண்டும். மனுஷன் தளரவில்லை. இயந்திரத்தோடு வாழ்ந்தவர். வெள்ளத்தில் ஜீப் சேற்றில் மாட்டிக்கொண்டதாகவும், தான்தான் இறங்கி, கார்புரேட்டரைக் கழற்றி, ஊதிச் சுத்தம் செய்து, அய்யாவை உட்கார வைத்து, வண்டியைத் தானே ஓட்டிக் கரை சேர்த்ததாகவும் சொல்லிவிட்டார்.

"ரைட், போலாம்" என்று பின்னாலிருந்து கண்டக்டர் குரல் வந்தது. யாரோ விசில் வேறு அடித்தான். இரங்கல் கூட்டம் என்பதை மறந்து மண்டபம் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்தது, அதை மறைக்க வேண்டாம். தூணைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். ஜட்ஜ் மணியை விடாமல் அடித்துவிட்டு, நிரலைப் பார்த்துப் படித்தார்: அடுத்து, ஓய்வுபெற்ற ஜீப் ஓட்டுநர்.

ஜீப் என்ற சொல் காதில் விழுந்ததும் மறுபடி ஒரு அலை எழும்பியது. "இன்னொருத்தரா? எடமில்லீங்க, அடுத்த வண்டில வாங்க" என்றார் ஒருவர். டிரைவர் படியேறி மேடைக்கு வந்தார். படத்தின் பக்கம் திரும்பி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். கொஞ்சம் அடங்கிற்று.

"ஜீப்புல யாரும் இல்லீங்க" என்றார். "எட்டு ஆடு இருந்துச்சு. அய்யா நடந்து வந்தாரு."

சனிக்கிழமை மூன்று பேரை ஊமையாக்கிய அதே வரிகள். ஞாயிற்றுக்கிழமை கூரை பறந்தது. வக்கீல், ஹெட்மாஸ்டர், பெரியவர், முதலாளி என்று மேடையில் இருந்த நாலு பேரையும் ஜனங்கள் விரல் விட்டு எண்ணி, ஆடு எட்டென்றால் மிச்சம் நாலு எங்கே என்று கேட்டார்கள். ஸ்ரீரங்கத்துப் பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் என்னவாம் என்று விசாரித்தார். ஆடு என்று அவர் காதில் கத்த வேண்டியிருந்தது, அது மண்டபம் முழுக்கக் கேட்டது. பட்டறை முதலாளியே தொடையைத் தட்டிச் சிரித்தார். டிரைவருடைய வாய் அசைவதைப் பார்த்தேன். கோழிக்கூடை என்று சொல்லியிருப்பார். ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்தினார், காத்திருந்தார், மறுபடி ஆரம்பித்தார். மறுபடி எங்கிருந்தோ ஒருவன் ஆடு மாதிரியே கத்தினான்.

இரண்டு நிமிஷம் ஆயிற்று. வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டிருந்த ஜட்ஜ் மறு கையால் மணியடித்தார். டிரைவர் மணியைப் பார்த்தார். உத்தரவை மீறிப் பழக்கமில்லாதவர். படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார். லாக் புக் வரவே இல்லை.

கடைசியில் எழுந்து நின்று மௌன அஞ்சலி. கொதிக்கிற உலைமூடி மாதிரி அங்கே ஒன்று இங்கே ஒன்றாகச் சிரிப்பு தப்பித்துக்கொண்டே இருந்தது. காக்கிச் சட்டை மட்டும் அசையவில்லை. நான் அப்போதுதான் தூணை விட்டு வெளியே வந்தேன்.

உரைகளைச் சேர்த்துக் கட்டி வடக்கே அனுப்பினார்கள். நாலு நடுப்பக்கமும் போயிருக்கும். டிரைவர் பேசியது போகவில்லை. எழுதி வைத்தால்தானே போக? எழுத மாட்டேன் என்று நான் செய்த சத்தியத்தில் அந்தப் பாதியை மட்டும் சுத்தமாகக் காப்பாற்றியிருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் மெயின்கார்டு கேட் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தேன். கையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்ததால் எல்லாவற்றையும் நானே பேசினேன். தப்பு என்னுடையதுதான் அண்ணே என்றேன். ஒரு விதத்தில் பார்த்தால் நீங்கள்தான் ஜெயித்தீர்கள், நாலு பெரிய மனிதர்களும் ஆட்டுக்கு முன்னால் தலை காட்ட முடியவில்லை என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் வேறு பக்கம் போனேன். அடுத்த வருஷம் நினைவு நாள் வரும். அதற்கும் கூட்டம் வைப்பார்கள், வைக்கச் செய்வது என் பொறுப்பு. உங்களை முதல் ஆளாகப் போடுகிறேன், உங்களுக்கு முன்னால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள், நான் ஒருவருக்கும் ஒரு வரி எழுதித் தரமாட்டேன். அப்போது நிதானமாக, லாக் புக், கும்பிடு, எல்லாவற்றையும் சொல்லலாம் என்றேன். இரண்டு நிமிஷம் என்ன, பத்து நிமிஷம் வாங்கித் தருகிறேன் என்றேன்.

பஸ் வந்தது. அவர் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அய்யா ஒரு தடவதான் சாவாரு, மாஸ்டர்."